கண்ணுக்கு ஏற்ற கணினி

எங்கள் பெரியப்பாவை ‘மனு எழுதுகிற ஐயா’ என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். தில்லியில், ஜங்புரா பக்கம் குடியிருக்கிறார். வயது 68. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். 1978-ல் தில்லிக்கு வந்தார். ஓர் அரசு அலுவலகத்தில் டப்தரியாக வேலை பார்த்தார். டப்தரி என்றால் கோப்புகளைக் கட்டி, அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பவர். அந்த வேலையில் இருந்துகொண்டே இந்தி கற்றார். கொஞ்சம் ஆங்கிலமும் கற்றார். 2017-ல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்றுதான் பேர். மூன்றாவது மாடியில் இருக்கும் அவருடைய ஒற்றை அறைக்கு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வருவார்கள். கட்டட வேலை செய்பவர்கள் வருவார்கள். “ஐயா, இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்கு?” என்பார்கள். ரேஷன் அட்டை, உதவித்தொகை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் எழுதித் தருவார். காசு வாங்க மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார்.

முன்பெல்லாம் பேனாவால் எழுதினார். இப்போது பல மனுக்களைக் கணினி வழியாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. பெரியப்பாவிடம் கணினி இல்லை. தன் கைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி அடித்து அனுப்புவார்.

2024 மழைக்காலத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. எங்கள் எழுத்தறிவு வகுப்புக்கு வரும் அக்கா ஒருவருக்குக் கணவர் இல்லை. அவருக்கு உதவித்தொகை கேட்டுப் பெரியப்பா மனு அனுப்பினார். நான்கு மாதம் ஆகியும் பணம் வரவில்லை. அக்கா பாதி நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலைந்தார். கடைசியில்தான் காரணம் தெரிந்தது. வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இடத்தில் 8 இருக்க வேண்டும். மனுவில் 3 என்று இருந்தது.

அலுவலகத்தின் மேல் குற்றம் இல்லை. அக்கா மேலும் இல்லை. பெரியப்பாவின் கண்ணுக்குக் கைபேசியில் 8-ம் 3-ம் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. திருத்தி எழுதி, மறுபடி அனுப்பி, பணம் வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குப் பெரியப்பா கைபேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். “இனிமே நான் யாருக்கும் எழுத மாட்டேன்மா. ஒரு ஏழைப் பொம்பளையோட சோத்துல மண்ணைப் போட்டுட்டேன்” என்றார்.

சொன்னபடியே எழுதுவதை நிறுத்திவிட்டார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். எழுதும்போது இருந்த பெரியப்பா வேறு. எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்த பெரியப்பா வேறு. பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவருடைய மகன், என் அண்ணன், ஃபரீதாபாத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறார். போனில் சொன்னேன். “லேப்டாப் வாங்கிக் கொடுத்துடு. நான் பணம் அனுப்பறேன். அப்பாவுக்குக் கண் தெரியல. இருக்கறதுலயே பெரிசா வாங்கு” என்றார்.

இருப்பதிலேயே பெரியது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அது சரியில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பாவோ, பாட்டியோ, மாமனாரோ இருப்பார்கள் அல்லவா?

எதை அளக்கிறார்கள்?

லேப்டாப்பைத் தமிழில் மடிக்கணினி என்கிறோம். கடையில் ‘14 அங்குலம்’, ‘15.6 அங்குலம்’, ‘17.3 அங்குலம்’ என்று சொல்லுவார்கள். இது பெட்டியின் அகலமும் இல்லை, உயரமும் இல்லை. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக ஒரு கயிற்றைப் பிடித்தால் எவ்வளவு நீளம் வருமோ, அதுதான் இந்த அளவு. 15.6 என்றால் 15 அங்குலம், அதற்கு மேல் ஓர் அங்குலத்தைப் பத்தாகப் பிரித்தால் அதில் 6 பங்கு. ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர். ஆக, 15.6 அங்குலத் திரை குறுக்காகக் கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் இருக்கும்.

ஒரே அங்குலம் சொல்லும் இரண்டு திரைகள் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒன்று சினிமாத் திரைபோல நீளமாக இருக்கும். இன்னொன்று கொஞ்சம் சதுர வாட்டமாக இருக்கும். சினிமா பார்க்க நீளத் திரை நல்லது. படிக்கவும் எழுதவும் உயரத் திரை நல்லது. ஒரு பக்கத்தில் கூடுதலாக ஓரிரு வரி தெரியும்.

அட்டையும் அரிசிப் பையும்

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்தோம். இரண்டுக்கும் காசு செலவில்லை.

முதல் சோதனை அட்டை. பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து மூன்று துண்டு வெட்டினேன். 14 அங்குல மடிக்கணினியின் உடம்பு சுமார் 32 சென்டிமீட்டர் அகலமும் 22 சென்டிமீட்டர் ஆழமும் இருக்கும். 15.6 அங்குலத்துக்கு 36-ம் 24-ம். 17.3 அங்குலத்துக்கு 40-ம் 27-ம். மாடலுக்கு மாடல் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்.

பெரியப்பாவின் மேசை உண்மையில் மேசை இல்லை. ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி. அதன் மேல் 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை. மனு எழுதும்போது பக்கத்தில் காகிதம் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தானே அடிக்க வேண்டும்? அலுவலகக் காகிதத்தின் அகலம் 21 சென்டிமீட்டர். பெரிய அட்டையை வைத்தேன். 20 சென்டிமீட்டர்தான் மிஞ்சியது. காகிதம் ஓரத்தில் மடங்கிக் கீழே சரிந்தது. நடு அட்டையை வைத்தேன். காகிதம் சரியாக உட்கார்ந்தது. பெரியப்பா சிரித்தார். நான்கு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இரண்டாவது சோதனை எடை. பெரியப்பா வீட்டில் மட்டும் எழுதுகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வகுப்பு நடக்கும் அறைக்கு வந்து அங்கேயும் எழுதுவார். மூன்று மாடி இறங்கி ஏற வேண்டும். 17.3 அங்குல மடிக்கணினி சுமார் இரண்டரை கிலோ இருக்கும். மின்சாரம் ஏற்றும் சார்ஜரோடு சேர்த்தால் 3 கிலோ பக்கம் வரும். 15.6 அங்குலம் சார்ஜரோடு சுமார் 2 கிலோ. 14 அங்குலம் அதற்கும் கொஞ்சம் குறைவு.

ஒரு துணிப் பையில் 3 கிலோ அரிசி போட்டுப் பெரியப்பாவின் தோளில் மாட்டினேன். கீழே போய்விட்டு மேலே வந்தார். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். மறுநாள் 2 கிலோ போட்டுக் கொடுத்தேன். நிற்காமல் வந்துவிட்டார்.

இந்த எடைக் கவலை புதிதில்லை. கையில் தூக்கிப் போகலாம் என்று சொல்லி 1981-ல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் என்று ஒரு கணினி விற்றார்கள். அதன் எடை சுமார் 11 கிலோ. திரை எவ்வளவு தெரியுமா? 5 அங்குலம். இன்றைய கைபேசித் திரையைவிடச் சிறியது. தூக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது என்று பெரியப்பாவிடம் சொன்னேன். “அதையும் யாரோ ஒருத்தன் தூக்கியிருப்பான்மா” என்றார். அலுவலகத்தில் கோப்பு தூக்கியவர் அல்லவா!

நேரு பிளேஸ் பயணம்

தில்லியில் கணினி வாங்க வேண்டும் என்றால் பலரும் நேரு பிளேஸ்தான் போவார்கள். 1970-களில் எழுந்த கட்டடங்கள். நடுவில் அகலமான திறந்த வெளி. சுற்றிலும் மாடி மாடியாகக் கடைகள். புதிய கணினி, பழைய கணினி, உதிரிப் பாகம், ரிப்பேர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். எங்களுக்குப் போவதும் சுலபம். ஜங்புராவில் மெட்ரோ ஏறினால் லஜ்பத் நகர், மூல்சந்த், கைலாஷ் காலனி, அடுத்தது நேரு பிளேஸ்.

நான் தனியாகப் போய் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். யார் படிக்கப் போகிறாரோ, அவர் கண்ணைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். செருப்பு வாங்கவே காலைக் கொண்டுபோகிறோம். பெரியப்பாவை அழைத்துப் போனேன். அவருடைய கண்ணாடியையும், அக்காவின் வங்கிப் பாஸ்புக்கின் நகலையும் எடுத்துக்கொண்டோம்.

படியிலேயே இரண்டு பேர் வழிமறித்தார்கள். “லேப்டாப் சாஹியே? சஸ்தா மிலேகா” என்றார்கள். மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுக்காத குறை. நாங்கள் நிற்கவில்லை. பலகை மாட்டி, பில் கொடுக்கும் கடையாகப் பார்த்து ஏறினோம்.

கடைக்காரப் பையன் முதலில் 13 அங்குலத்தில் ஒல்லியாக ஒன்றைக் காட்டினான். ஒரு கையால் தூக்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் விலை 15.6 அங்குலத்தைவிட அதிகம். சின்னதாக இருந்தால் மலிவாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மெலிசாகவும் லேசாகவும் செய்யத்தான் பல நேரம் செலவு கூடுகிறதாம். பெரியப்பா பாஸ்புக் நகலைப் பார்த்து எண்ணை அடித்துப் பார்த்தார். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். “வேண்டாம்பா” என்றார்.

பிறகு 14-ம் 15.6-ம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னோம்.

கோலப் புள்ளிக் கணக்கு

இங்கேதான் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. புதிய 15.6 அங்குலத் திரையில் எழுத்து பொடியாகத் தெரிந்தது. எதிர்க்கடையில் பழைய மடிக்கணினி விற்றார்கள். அங்கேயும் ஒரு 15.6 இருந்தது. அதில் எழுத்து நன்றாகப் பெரிதாகத் தெரிந்தது. பெரியப்பா அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஒரே அளவுத் திரை. எழுத்து மட்டும் எப்படி வேறு?

வாசலில் கோலம் போடுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். கணினித் திரை ஒரு வாசல் மாதிரி. அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. எழுத்தெல்லாம் அந்தப் புள்ளிகளை வைத்துப் போட்ட கோலம்தான். பழைய திரையில் குறுக்கே 1366 புள்ளி, மேலிருந்து கீழே 768 புள்ளி. புதிய திரையில் குறுக்கே 1920, கீழே 1080. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 20 லட்சத்துக்கு மேல்!

வாசல் ஒன்றுதான். புள்ளியை நெருக்கி வைத்தால் கோலம் என்ன ஆகும்? சின்னதாகிவிடும். ஓர் எழுத்துக்கு 20 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய திரையில் 20 புள்ளி அரை சென்டிமீட்டர் வரும். புதிய திரையில் அதே 20 புள்ளி மூன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

அப்படியானால் பழையதுதான் நல்லதா? கிட்டே போய்ப் பார்த்தேன். பழைய திரையில் எழுத்து பெரிதாக இருந்தாலும் ஓரமெல்லாம் படிக்கட்டுப் படிக்கட்டாக இருந்தது. தமிழ் எழுத்தில் இது பெரிய தொல்லை.  மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைக்கிறோம். அந்தப் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போனால் ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிடும். பல் வலி என்று எழுதினால் பல வலி என்று படிப்பார்கள். (பெரியப்பாவுக்கு இரண்டும் உண்டு. அது வேறு விஷயம்.)

புதிய திரையில் எழுத்தைப் பெரிதாக்க வழி இருக்கிறது. கடைக்காரப் பையன் காட்டினான். திரையின் காலி இடத்தில் வலது பக்கப் பொத்தானை அழுத்தினான். டிஸ்ப்ளே செட்டிங்ஸ் என்று ஒன்று வந்தது. அதற்குள் ஸ்கேல் என்று இருந்தது. அதில் 100 என்று இருந்ததை 150 ஆக்கினான். அதாவது, ஓர் எழுத்துக்கு 20 புள்ளி போதாது, 30 புள்ளி எடுத்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லிவிட்டான். எழுத்து ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தது. ஓரமெல்லாம் வழவழப்பாக இருந்தது. தலைப்புள்ளி தனியாக நின்றது. பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். கழுத்தை நீட்டாமலே எண்ணைப் படித்தார். 8, எட்டாகத் தெரிந்தது.

உடனே எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. எழுத்தைத்தான் பெரிதாக்க முடிகிறதே, பிறகு சின்னத் திரையே போதாதா? 14-லும் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டு திரையிலும் எழுத்து ஒரே உயரம் இருக்கும்படி வைத்தோம். பிறகு ஒரே மனுவைத் திறந்து வரியை எண்ணினேன். 14-ல் 18 வரி தெரிந்தது. 15.6-ல் 20 வரி. இரண்டு வரிதான் வித்தியாசம். உண்மையைச் சொன்னால் நான் இன்னும் அதிகம் எதிர்பார்த்தேன். இரண்டு வரிக்காக மட்டும் பெரியதை வாங்க வேண்டியதில்லை. 15.6-ஐ நாங்கள் எடுத்ததற்கு வேறு இரண்டு காரணம் உண்டு.

விசையும் பக்கத்து நாற்காலியும்

முதல் காரணம் எண் விசைகள். விசைப்பலகை எழுத்து அடிக்கும் பகுதி. திரை பெரிதானால் விசையும் பெரிதாகும் என்று எண்ணாதீர்கள். 13 அங்குலத்திலும் 15 அங்குலத்திலும் விசை பெரும்பாலும் ஒரே அளவுதான். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை சுமார் 19 மில்லிமீட்டர் இருக்கும். மிகவும் சின்ன 11 அங்குலக் கணினிகளில்தான் சில சமயம் நெருக்கிவிடுவார்கள். விரல் மரத்துப்போனவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் அது ஆகாது. ஆனால் 15.6 அங்குலக் கணினிகள் பலவற்றில் வலது ஓரம் எண்களுக்கு என்றே தனிக் கட்டம் இருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது. பார்த்து வாங்க வேண்டும். கணக்கு எண், ஆதார் எண், கைபேசி எண் என்று நாள் முழுக்க எண் அடிப்பவருக்கு அது பெரிய வசதி.

அதற்கும் ஒரு விலை உண்டு. எண் கட்டம் வலது பக்கம் இடம் பிடிப்பதால் எழுத்து விசைகள் இடது பக்கம் நகர்ந்துவிடும். உட்காருபவரும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி உட்கார வேண்டியிருக்கும். எண் அடிக்காதவர்களுக்கு இது வீண் தொல்லைதான்.

தமிழ் அடிப்பதற்கு எந்த அளவானாலும் ஒன்றுதான். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 விசைமுறை விண்டோஸிலேயே இருக்கிறது. அதில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. விசை மேல் ஒட்டத் தமிழ் எழுத்து அச்சடித்த ஒட்டுத்தாளும் விற்கிறார்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெரியப்பா தனியாக எழுதுவதில்லை. யாருக்காக எழுதுகிறாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கைபேசியில் எழுதியபோது அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் என்ன அடித்தாரோ அதுதான். பெரிய திரை என்றால் இரண்டு பேர் சேர்ந்து பார்க்கலாம். அதனால் கடையில் நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மலிவான சில திரைகளில் நேரே பார்த்தால் தெளிவாக இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்து எழுத்து மங்கிவிடும். ஒன்றை அதற்காகவே ஒதுக்கினோம். இன்னொன்றில் திரை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அதில் கடையின் டியூப்லைட்டும் என் முகமும்தான் தெரிந்தன. அதையும் ஒதுக்கினோம். பளபளப்பு இல்லாத திரை படிக்க நல்லது.

கடைசியில் 15.6 அங்குலம், எண் கட்டம் உள்ளது, பளபளப்பு இல்லாதது, 1.7 கிலோ. அதை எடுத்தோம். பையன் பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். மடிக்கணினிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி உண்டு. பில்லில் அதைப் போட்டு, கணினியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் எழுதி வாங்கினோம். பில் இருந்தால்தான் பின்னால் ரிப்பேருக்குக் கேட்க முடியும். கடைக்காரர் ஏமாற்றினால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். அது நுகர்வோருக்கான தேசிய உதவி எண்.

வெள்ளெழுத்து

கணினி வந்து ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா கழுத்து வலி என்றார். எனக்குப் பகீரென்றது. இவ்வளவு பார்த்து வாங்கியும் தப்பாகிவிட்டதோ?

தப்பு கணினியில் இல்லை, மூக்குக் கண்ணாடியில். நாற்பது வயதுக்கு மேல் நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வருகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்சு இறுகிவிடுவதால் கிட்டே இருப்பது மங்கலாகத் தெரியும். அதற்குக் கண்ணாடி போடுகிறோம். ஆனால் அந்தக் கண்ணாடி புத்தகம் பிடிக்கும் தூரத்துக்காகச் செய்தது. அதாவது சுமார் 35, 40 சென்டிமீட்டர். கணினித் திரை அதைவிடத் தள்ளி இருக்கும். பெரியப்பாவின் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே நாடாவைப் பிடித்தேன். 58 சென்டிமீட்டர்.

அதோடு அவருடையது இரட்டைக் கண்ணாடி. மேலே தூரப் பார்வை, கீழே கிட்டப் பார்வை. திரையைக் கீழ்ப் பாதியால் பார்க்கத் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

2022-ல் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தது எய்ம்ஸ் மருத்துவமனையின் ராஜேந்திர பிரசாத் கண் மையத்தில். 1967 முதல் நடக்கும் பெரிய கண் மருத்துவமனை அது. அங்கே போய் 58 சென்டிமீட்டர் என்று எழுதிய சீட்டைக் காட்டினோம். கணினித் தூரத்துக்குத் தனியாக ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கழுத்து வலி போய்விட்டது. வயதானவருக்குக் கணினி வாங்கும்போது, கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள். நான் ஒதுக்கவில்லை. அண்ணனிடம் மறுபடி கேட்க வேண்டியதாயிற்று.

எல்லோருக்கும் 15.6 இல்லை

பெரியப்பாவுக்குச் சரியாக இருந்தது என்பதால் உங்கள் பாட்டிக்கும் அதுவே சரி என்று சொல்ல மாட்டேன். என் தோழியின் பாட்டி கட்டிலில் சாய்ந்துகொண்டு சென்னையில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்த்துப் பேச மட்டும்தான் கணினி கேட்டார். மடியில் வைத்தால் கனக்கும். அவருக்கு 14-க்கு மேல் கூடாது. படுக்கையில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மடிக்கணினிகளின் அடியில் காற்று போக ஓட்டை இருக்கும். தலையணை மேல் வைத்தால் அது அடைபட்டுச் சூடாகிவிடும். ஒரு பலகையை வைத்து, அதன் மேல் கணினியை வைக்க வேண்டும்.

கண் மிகவும் மங்கி, ஆனால் ஓரிடத்தில் உட்கார்ந்தே வேலை செய்பவர் என்றால் பெரிய மடிக்கணினி தேடவே வேண்டாம். சின்னதை வாங்கி, ஒரு கம்பியால் வீட்டு டி.வி.யில் இணைத்துவிடலாம். எச்.டி.எம்.ஐ. என்று கேட்டால் அந்தக் கம்பியைக் கொடுப்பார்கள். முதலில் கணினியிலும் டி.வி.யிலும் அதற்கான ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் உறவினர் வீட்டில் பழைய கணினி சும்மா கிடக்கிறதா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு இலவசமாக மடிக்கணினி கொடுத்தது. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அது பரண்மேல் கிடக்கும். வேகம் இருக்காது. ஆனால் பெரியவரால் எந்த அளவு எழுத்தைப் படிக்க முடிகிறது என்று பார்க்க அதுவே போதும். நாங்கள் இதைத் தெரியாமல் நேராகக் கடைக்குப் போய் அரை நாள் நின்றோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வகுப்புக்கு வந்தார். பை தோளில் இருந்தது. அந்த அக்காவுக்கு மகளின் பள்ளிக்கு ஏதோ விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அதிலும் வங்கிக் கணக்கு எண் கேட்டிருந்தார்கள். பெரியப்பா பாஸ்புக்கை அக்கா கையில் கொடுத்தார். “நீ படிம்மா, நான் அடிக்கறேன்” என்றார்.

அக்கா எழுதப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பெரியப்பா அடித்தார். முடிந்ததும் அக்கா பாஸ்புக்கைக் கீழே வைக்கவில்லை. திரையைப் பார்த்து, பாஸ்புக்கைப் பார்த்து, முதலிலிருந்து ஒருமுறை தானே சரிபார்த்தார். 8 வரும் இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

“சரியா இருக்கு ஐயா, அனுப்புங்க” என்றார்.

பெரியப்பா அனுப்பினார். அதற்குள் அடுத்தவர் ரேஷன் அட்டையோடு வந்து நின்றார்.